ரப்பர்ப் பாலும் கம்பெனி வரியும்: வரித்தொழிலை நாடும் இளைஞர்க்குச் சில குறிப்புகள்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, பாறசாலைச் சட்டமன்றத் தொகுதியில் அடங்கிய ஊர் ஒற்றசேகரமங்கலம். அங்கிருந்து வெள்ளறடை வழியாகச் சென்றால் பனச்சமூட்டில் தமிழக எல்லை வந்துவிடும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததே அன்றி மண்ணும் மழையும் பிரியவில்லை. இரு பக்கத்திலும் ரப்பர் மரங்கள். இரு பக்கத்திலும் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. இரு பக்கத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுத் திருவனந்தபுரத்திற்கோ, கொச்சிக்கோ, சென்னைக்கோ வேலை தேடிச் செல்லும் பிள்ளைகள்.

அத்தகைய பிள்ளைகளுள் ஒருவன், என் உறவினர் மகன், பட்டயக் கணக்காளர் தேர்வின் இடைநிலையை முடித்து ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கிறான். அவ்வூருக்கு நான் சென்றிருந்தபோது ஒரு கேள்வி கேட்டான். "மாமா, மூணு வருஷமா பிரிவு எண்களை உருப்போட்டேன். இப்போ சட்டமே புதுசா வந்துட்டுது. நான் படிச்சது எல்லாம் வீண்தானா? இந்தத் தொழிலிலே கம்பெனி வரிப் பக்கம் போகலாமா, வேண்டாமா?" நான் வரித்துறை அலுவலன் அல்லன், பொருளாதாரம் பயின்று மத்திய அரசின் வேறு துறைகளில் பணியாற்றி வருபவன். எனினும் கம்பெனிகளின் கணக்குகளோடும் அவற்றை எழுதுவோரோடும் நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்னவற்றை, அவனைப் போன்ற மாணவர்க்கும், மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருக்கும் அலுவலர்க்கும் பயன்படலாம் எனக் கருதி இங்கு விரித்து எழுதுகிறேன்.

எண் மாறும்

இந்தியாவில் வருமானவரி முதன்முதலாக 1860இல் விதிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் நாற்பது ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானப் பகுதிகள் தத்தம் வருமானவரிச் சட்டங்களைக் கொண்டிருந்தன. 1950 ஏப்ரல் 1 முதலே இந்திய வருமானவரிச் சட்டம் அங்கெல்லாம் நீட்டிக்கப்பட்டது. அதன்பின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அறுபதாண்டுக்கும் மேலாக ஆண்டுதோறும் திருத்தங்கள் பெற்றுத் தடித்துப்போன அச்சட்டத்திற்குப் பதிலாக, 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற 2025ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறை நாளாகக் கொண்டது. அதில் 536 பிரிவுகள். 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று மாணவர்களை ஆண்டாண்டாகக் குழப்பிய இரட்டை வழக்கு நீங்கி, 'வரி ஆண்டு' என்னும் ஒற்றைச் சொல் வந்துள்ளது. வரிப்பிடித்தம் பற்றிப் பல பிரிவுகளில் சிதறிக் கிடந்தவை, ஊதியத்திற்கு 392ஆம் பிரிவிலும் ஏனைய பெரும்பாலான கொடுப்பனவுகளுக்கு 393ஆம் பிரிவிலும் தொகுக்கப்பட்டுள்ளன.

இதன் விளைவு ஒன்றை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பணத்தில் வரி பிடிக்கும் பிரிவு எது என்று கேட்டால் உறக்கத்திலும் எண்ணைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் உண்டு. அந்த எண்ணறிவே அவர்களுக்கு மதிப்பைத் தேடித் தந்தது. இன்று அவரும், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளனும் ஒரே பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டிய நிலை. ஆனால் பழைய சட்டம் உடனே மறைந்துவிடுவதில்லை. முன்னாண்டுகளுக்குரிய மதிப்பீடுகளும் மேல்முறையீடுகளும் பழைய சட்டப்படியே நடந்து முடிய வேண்டும். ஆகவே வரும் பல ஆண்டுகளுக்கு இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படிக்கத் தெரிந்தவர்களே வேண்டப்படுவர். உறவினர் மகன் உருப்போட்டது வீண் அன்று. அதை மட்டுமே நம்பியிருப்பதுதான் தவறு.

எடைக் கொட்டகை

அப்படியாயின் கம்பெனி வரித்தொழில் எதில் நிற்கிறது? ஒற்றசேகரமங்கலத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வேளாண் வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை நம் அரசியலமைப்பு மாநிலங்களுக்கு அளித்துள்ளது. ஏனைய வருமானத்தின்மீது வரி விதிப்பது மத்திய அரசு. ரப்பர் மரத்தில் வடியும் பால் வேளாண் விளைபொருள் என்பதில் ஐயமில்லை. சிறு விவசாயி அதை உறைய வைத்து, உருளையில் இட்டுத் தாளாக்கிப் புகையூட்டி விற்பதும், விளைபொருளைச் சந்தைக்குத் தகுதியாக்கும் வழக்கமான செய்முறையாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் ஒரு கம்பெனி தன் தோட்டத்துப் பாலை ஆலைக்குக் கொண்டுசென்று, சுழற்றிச் செறிவூட்டிய பாலாகவோ, தரம் குறிக்கப்பட்ட கட்டி ரப்பராகவோ ஆக்கி விற்குமாயின், அவ்வருமானத்தில் வேளாண்மையும் தொழிலும் கலந்து விடுகின்றன. இக்கலப்பைப் பிரிக்கவே 1962ஆம் ஆண்டு வருமானவரி விதிகளில் பின்னர் 7-அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. அதன்படி வருமானத்தில் 35 விழுக்காடு தொழில் வருமானம். எஞ்சிய 65 விழுக்காடு வேளாண் வருமானம். (தேயிலைக்குத் தொழிற்பங்கு 40 விழுக்காடு. புதிய சட்டத்தின் கீழ் விதிகளின் எண்ணும் மாறுவதால், எடுத்தாளுமுன் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும்.) பட்டுப்போன மரங்களுக்கு ஈடாக, ஏற்கெனவே பயிரிட்ட நிலத்தில் புதுக் கன்று நடும் செலவையும் அவ்விதி கழிக்க அனுமதிக்கிறது.

இதன் பொருளைத் தொகையில் காண்போம். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தின் வாயிலாக அறிமுகமான சலுகை வீதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு அடிப்படை வீதம் 22 விழுக்காடு. கூடுதல் வரியும் தீர்வையும் சேர்த்து 25.168 விழுக்காடு. கட்டி ரப்பர் விற்ற வருமானம் 1 கோடி ரூபாய் எனில், மத்திய அரசின் வரிக்கு உட்படுவது 35 லட்சம். வரி ஏறத்தாழ 8.81 லட்சம். முழு வருமானமும் தொழில் வருமானமாகக் கொள்ளப்பட்டால் வரி ஏறத்தாழ 25.17 லட்சம். இடைவெளி 16 லட்சத்துக்கும் மேல்.

இதுவரை சொன்னவை பாடநூலில் உள்ளவை. இனிமேல்தான் தொழில் தொடங்குகிறது. 7-அ விதியின் பயன், விற்பவர் தாமே வளர்த்த மரங்களின் பாலுக்கு மட்டுமே உண்டு. அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் விலைக்கு வாங்கிய பாலில் செய்த ரப்பரின் வருமானம் முழுவதும் தொழில் வருமானமே. எல்லைப் பகுதி ஆலையொன்று தன் தோட்டத்துப் பாலுடன் வெள்ளறடைப் பக்கத்து விவசாயியிடமும் விளவங்கோட்டு விவசாயியிடமும் பால் வாங்கி ஒரே தொட்டியில் ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் கலந்தபின் எது சொந்தம், எது வாங்கியது என்று எந்தச் சட்ட நூலும் சொல்லாது. எடைக் கொட்டகையில் அன்றாடம் எழுதப்படும் பதிவேடுதான் சொல்லும்.

அப்பதிவேட்டையும் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். பாலில் பெரும்பகுதி நீர். உலர்ந்த ரப்பரின் அளவு மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது என்பது பொதுவான எல்லை. எடுத்துக்காட்டாக, சொந்தப் பால் 600 டன், உலர் ரப்பர் 35 விழுக்காடு. வாங்கிய பால் 400 டன், உலர் ரப்பர் 30 விழுக்காடு என்போம். பாலின் எடையைக் கொண்டு பிரித்தால் சொந்தப் பங்கு 60 விழுக்காடு. உலர் ரப்பரைக் கொண்டு பிரித்தால் 330 டன்னில் 210 டன், அதாவது 63.6 விழுக்காடு. மொத்த வருமானம் 1 கோடி எனில் முதற் கணக்கில் வரிக்குட்படுவது 61 லட்சம், இரண்டாவதில் 58.64 லட்சம். (வாங்கிய பாலுக்கு விலை கொடுத்திருப்பதால் உண்மையில் இருவகை இலாபத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும், இங்கு எளிமை கருதி ஒன்றாகக் கொண்டேன்.) நியாயமான முறை இரண்டாவது. ஆனால் எடைக் கொட்டகையில் பாலின் எடையோடு உலர் ரப்பர்ச் சோதனையின் முடிவையும் எழுதி வைத்திருந்தால் ஒழிய அந்த நியாயத்தை எவரும் நிலைநாட்ட இயலாது.

கம்பெனி வரித்துறையில் சேரும் இளைஞர்க்கு நான் கூறும் முதல் அறிவுரை இதிலிருந்து பிறப்பது. சேர்ந்த சில மாதங்களுக்குள் ஆலைக்குச் செல்லுங்கள். கணக்குப் பிரிவில் அமர்ந்து, வரும் தாள்களை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதுவோர் பலர். 'ஒட்டுப்பால்' என்று பேரேட்டில் ஒரு தலைப்பைக் கண்டு, அது சிரட்டையிலும் வெட்டுப்பட்டையிலும் ஒட்டி உலர்ந்து நின்ற ரப்பர் என்றறியாமல், பால் கொள்முதல் கணக்கில் சேர்த்துவிட்ட ஒரு பட்டதாரியை நான் அறிவேன். ஊர்ப் பிள்ளை எவனும் அப்பிழையைச் செய்திரான். ஒற்றசேகரமங்கலத்தில் பிறந்தவன் தன் ஆங்கிலத்தை எண்ணிக் கூசுகிறான். வெட்டுக்காரரின் பால் கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்ற தன் தகுதியை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. இது ரப்பருக்கு மட்டும் உரியதன்று. நூற்பாலையில் சேர்பவர் கழிவுப்பஞ்சு எங்கு செல்கிறது என்றும், உப்பளக் கம்பெனியில் சேர்பவர் மழைக்கால இழப்பு எவ்வாறு பதிவாகிறது என்றும் நேரில் காண வேண்டும்.

மதிப்பீட்டு அலுவலர்க்கும் இது பொருந்தும். ஆனால் அவருக்கு ஆலையைக் காணும் வாய்ப்பு அருகிவிட்டது. 2019 அக்டோபரில் தொடங்கி, 2020 ஆகஸ்டில் விரிவாக்கப்பட்ட முகமறியா மதிப்பீட்டு முறையில், கம்பெனி ஓரிடத்திலும் கணக்கை ஆராயும் அலுவலர் வேறொரு மாநிலத்திலும் இருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் அறியார். கையூட்டுக்கும் அலைச்சலுக்கும் இடங்கொடாத முறை என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், ரப்பர் மரத்தையே கண்டிராத ஓர் அலுவலர் நம் எடைப் பதிவேட்டைத் தம் திரையில் பார்க்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முன்பெல்லாம் ஆடிட்டர் நேரில் சென்று பத்து நிமிடம் பேசிப் புரியவைத்ததை இன்று இரண்டு பக்கத்தில் எழுதிப் புரியவைக்க வேண்டியுள்ளது. காணொலி வழியே கேட்கப்படும் வாய்ப்பு உண்டு. எனினும் முதலில் பேசுவது எழுத்தே.

ஆதலால் எழுத்துப் பயிற்சியைத் தொழிற்பயிற்சியின் பகுதியாகவே கொள்ளுமாறு கூறுவேன். தீர்ப்புகளின் பெயர்களை வரிசையாக அடுக்கி, நடந்தது என்ன என்பதைக் கடைசிப் பத்தியில் மறைத்து வைக்கும் விடைகளை மிகுதியாகக் காண்கிறோம். பால் எங்கிருந்து வந்தது, எங்கு எடை போடப்பட்டது, எவ்வாறு பிரிக்கப்பட்டது, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது என்ற வரிசையில் எழுதிவிட்டு, அதன்பின் விதியைச் சொன்னால் முன்பின் அறியாத அலுவலரும் தொடர்ந்து வருவார்.

ஒரு பிழையின் கதை

பிழை நேராத தொழில் இல்லை. வரித்தொழிலில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சமே பல இளைஞர்களை வாட்டுகிறது. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்றுண்டு. 2012 செப்டம்பர் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் வழக்கு. பிறருக்கு வரி ஆலோசனை வழங்கும் உலகப் புகழ்பெற்ற நிறுவனம் அது. அதன் சொந்த வருமானவரிக் கணக்கிலேயே பிழை நேர்ந்தது. 2000-01 மதிப்பீட்டு ஆண்டுக்குரிய கணக்கில், பணிக்கொடைக்காக ஒதுக்கிய ஏறத்தாழ 23.7 லட்சம் ரூபாயைச் செலவாகக் கழித்துக்கொண்டனர். சட்டப்படி அவ்வாறு கழிக்க இயலாது. வியப்பு யாதெனில், கணக்கோடு இணைத்தனுப்பிய வரித் தணிக்கை அறிக்கையே அத்தொகை கழிக்கத்தக்கதன்று என்று தெளிவாகக் கூறியிருந்தது. கணக்கைத் தயாரித்தவர் அதைக் கவனிக்கவில்லை; கையொப்பமிட்டவர், சரியாகவே தயாரிக்கப்பட்டிருக்கும் என்று நம்பினார்; முதல் மதிப்பீட்டின்போது துறையும் கவனிக்கவில்லை.

பின்னர்ப் பிழை வெளிப்பட்டபோது நிறுவனம் வரியையும் வட்டியையும் செலுத்தியது. எனினும் மதிப்பீட்டு அலுவலர் வரியைப் போல் மூன்று மடங்கு தண்டம் விதித்தார். தீர்ப்பாயம் அதை ஒரு மடங்காகக் குறைத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றமும் தண்டத்தை நிலைநிறுத்தியது. உச்ச நீதிமன்றம்தான் அதை நீக்கியது. தணிக்கை அறிக்கையில் உண்மையை வெளிப்படையாகக் கூறியிருக்கையில் மறைக்கும் எண்ணம் இருந்ததாகக் கொள்ள இயலாது. உயர்ந்த தகுதியுடைய நிறுவனத்திற்கும் கவனக்குறைவான பிழை நேரலாம் என்பது அதன் முடிவு.

தப்பியது எதனால் என்று காண வேண்டும். அந்நிறுவனத்தின் புகழால் அன்று. புகழ் அதற்கு எதிராகவே வாதிடப்பட்டது. தணிக்கை அறிக்கையின் ஒரு பத்தியில் எவரோ ஒருவர் உண்மையை உள்ளவாறு எழுதி வைத்திருந்தமையால் தப்பியது. அந்த ஒரு வரிக்கு உச்ச நீதிமன்றம் வரை மதிப்பிருந்தது.

2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தண்டம் பற்றிய சட்டமே இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு திருத்தியமைக்கப்பட்டது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் வரியில் 50 விழுக்காடு தண்டம். திரித்துக் காட்டினால் 200 விழுக்காடு. உண்மைகள் அனைத்தையும் வெளிப்படுத்தி, நேர்மையான விளக்கமும் தரப்படுமாயின் அது குறைத்துக் காட்டியதாகவே கொள்ளப்படுவதில்லை. நம் ரப்பர்க் கம்பெனிக்கே திரும்புவோம். 8.81 லட்சம் வரியைச் செலுத்தாது விட்டால், முதல் வகையில் தண்டம் ஏறத்தாழ 4.4 லட்சம், இரண்டாவதில் 17.6 லட்சம். சொந்தப் பால், வாங்கிய பால் என்ற பிரிவினையை எந்த அடிப்படையில் செய்தோம் என்று கணக்குத் தயாரித்த நாளிலேயே எழுதிக் கோப்பில் வைத்த ஒரு பக்கக் குறிப்பு இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. வழக்கு வந்தபின் எழுதும் விளக்கத்தை எவரும் எளிதில் நம்புவதில்லை.

இங்கேதான் இளைஞர்க்கு இடர்ப்பாடு தோன்றுகிறது. குறிப்பு எழுதுவதை எல்லா மேலாளர்களும் விரும்புவதில்லை. பெயர் கூற விரும்பாத ஒரு நிறுவனத்தில், "இதையெல்லாம் எழுத்தில் வைக்காதே" என்று பணிக்கப்பட்ட ஓர் இளம் அலுவலர் என்னிடம் வந்து கலங்கினார். எழுதாவிட்டால் தம் மனத்திற்கு உறுத்தல். எழுதினால் ஆண்டு மதிப்பீட்டில் குறை. அவருக்கு நான் கூறியது: முடிவெடுக்கும் உரிமை மேலாளருடையது, உண்மைகளைப் பதிவு செய்யும் கடமை உம்முடையது. குறிப்பில் குற்றச்சாட்டு வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். இன்ன ஆவணம் பார்க்கப்பட்டது, இன்ன கருத்துகள் முன்வைக்கப்பட்டன, இன்னார் இன்ன முடிவெடுத்தார் என்ற அளவில் நிறுத்துக. அத்தகைய குறிப்பு மேலாளரையும் காக்கும் என்பதை அவர் ஆறுமாதத்தில் உணர்வார். உணராமல், இல்லாத ஆவணத்தை இருப்பதாக எழுதச் சொல்வாராயின், அன்று வேறு வேலை தேடுவதில் நாணம் கொள்ள வேண்டியதில்லை. பொய்க் கணக்குக்குத் துணைபோவது தனிக்குற்றம். கணக்கு கம்பெனியினுடையது என்று கூறி ஊழியர் தப்ப இயலாது. தணிக்கையாளர் தவறான தகவல் தந்தால் அறிக்கை ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம் என 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்தது. தொகை சிறிது, தொழில் அவையின் ஒழுங்கு நடவடிக்கை சிறிதன்று.

வரியைத் திட்டமிட்டுக் குறைப்பது எங்கே முடிகிறது, ஏய்ப்பு எங்கே தொடங்குகிறது என்பதில் நீதிமன்றங்களே ஒரு நிலையில் நிற்கவில்லை. 1985இல் மெக்டவல் வழக்கில் கடுமையாகப் பேசிய உச்ச நீதிமன்றம், 2003இல் ஆசாதி பச்சாவோ வழக்கில் சட்டத்திற்குட்பட்ட திட்டமிடலுக்கு இடமளித்தது. 2017 ஏப்ரல் முதல் பொதுவான ஏய்ப்புத் தடுப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள், பன்னாட்டுக் கம்பெனிகளுக்குக் குறைந்த அளவு 15 விழுக்காடு வரி என்று உடன்பட்டன. போக்கு எத்திசையில் என்பது விளங்கும்.

தொழிலின் சுயமரியாதைக்கு நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்; 1933இல் கணக்காளர் பட்டயத் தேர்வில் வென்று இந்தியாவின் முதற் பெண் கணக்காளர் ஆனவர். சிறைசென்றோர் அத்தொழில் நடத்தலாகாது என்று அன்றைய அரசு தடுத்தபோது, நீதிமன்றம் சென்று வென்றே தொழிலைத் தொடங்கினார்.

எந்த வழி

வரித்தொழிலுக்குள் பல வழிகள் உள்ளன. கம்பெனியின் சொந்த வரிப்பிரிவில் சேரலாம். தணிக்கை நிறுவனத்தில் பலருடைய கணக்கைப் பார்க்கலாம். சட்டம் பயின்று தீர்ப்பாயத்தில் வாதிடலாம். ஆட்சிப்பணித் தேர்வெழுதி வருவாய்ப் பணிக்கே வரலாம். கம்பெனி ஊழியர் தம் கம்பெனிக்காக அதிகாரிகள் முன் தோன்றலாம். ஆனால் அதற்கு வரித் தணிக்கை அறிக்கை அளிக்க அவருக்குத் தகுதியில்லை. திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் உள்ள கணினிப் பூங்காக்களில், அயல்நாட்டவரின் வரிக்கணக்குகளைத் தயாரிக்கும் பணியும் பெருகியுள்ளது. ஊருக்கு அருகில் நல்ல ஊதியம் என்பதால் எல்லைப்புற இளைஞரை இது மிகவும் ஈர்க்கிறது. அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் ஒரே படிவத்தின் ஒரே பகுதியை மூன்றாண்டுகள் நிரப்பியவர்க்கு மூன்றாண்டு அனுபவம் இருப்பதாகக் கொள்ள இயலாது. அப்பணியின் பெரும்பகுதியை இயந்திரமே செய்யும் நாளும் வந்துவிட்டது. ஆர்ட்டிகிள் பயிற்சிக் காலம் 2023இல் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டபின், அந்த இரண்டு ஆண்டுகளைச் சிறிய நிறுவனமொன்றில், கட்சிக்காரரை நேரில் காணக்கூடிய இடத்தில் கழிப்பதே மேல் என்பது என் கருத்து.

நேரடி வரிக்குச் செல்வதா, சரக்கு-சேவை வரிக்குச் செல்வதா என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் இரண்டையும் பாருங்கள் என்பேன். அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையில் நின்ற காலத்தை அப்பகுதியினர் மறந்திரார். 2017 ஜூலை 1இல் சரக்கு-சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் கடக்கும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு வேண்டும். பனச்சமூட்டைக் கடக்கும் ஒரு லாரி ரப்பருக்கு அச்சீட்டில் எழுதும் எடையும், வருமானவரிக் கணக்கில் காட்டும் விற்பனையும் இன்று கணினியால் ஒப்பிடப்படுகின்றன. ஒரே லாரியைப் பற்றி இரண்டு மேசைகள் இரண்டு விதமாக எழுதினால் கேள்வி வருவது உறுதி.

பணிச்சுமை பற்றியும் கூற வேண்டும். வரித்தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30, தணிக்கைக்குட்பட்ட கம்பெனிக் கணக்குக்கு அக்டோபர் 31 என்பன வழக்கமான கெடுநாள்கள். ஓணத்திலிருந்து தீபாவளி வரை வீட்டாருக்கு நீங்கள் கிடைக்கமாட்டீர். கடைசி வாரத்தில் கெடு நீட்டிக்கப்படுவதும் உண்டு; 2025இல் அவ்வாறே நவம்பர் 10, டிசம்பர் 10 என நீண்டது. நீட்டிப்பை நம்பிப் பணியைத் தள்ளுவது அலுவலகங்களின் நோய். அதன் சுமை கடைசியாக விழுவது இருபத்து மூன்று வயதுப் பயிற்சியாளரின் தலையில். இரவு இரண்டு மணிக்குத் தயாரித்த கணக்கில்தான் பணிக்கொடை ஒதுக்கீடு போன்றவை கண்ணில் படாமல் போகும். ஆண்டு முழுவதும் மாதந்தோறும் ஆவணங்களைத் திரட்டும் அலுவலகத்தில் செப்டம்பரும் ஏனைய மாதங்களைப் போலவே செல்வதை நான் கண்டிருக்கிறேன். வேலைக்கு நேர்காணல் செல்லும்போது, ஊதியத்தைக் கேட்குமுன், சென்ற செப்டம்பர் எவ்வாறு கழிந்தது என்று அங்குள்ள இளையவர் ஒருவரைக் கேட்டறிவது நன்று.

கெடுநாளுக்கு முன்னரே சிந்திக்க வேண்டிய ஒன்று முன்கூட்டிய வரி. ஜூன் 15க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் கம்பெனி செலுத்த வேண்டும், குறைந்தால் வட்டி. ஆனால் ரப்பர் மரம் இந்த அட்டவணையை அறியாது. தென்மேற்குப் பருவமழையில் வெட்டு தடைப்படும். அக்டோபருக்குப் பின் பால் பெருகும். ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்ந்து வெட்டு நிற்கும். செப்டம்பரில் பாதி ஆண்டு முடிந்திருந்தாலும் பாதி வருமானம் வந்திராது. அப்போது முழு ஆண்டையும் மதிப்பிட வேண்டியவர் வரிப்பிரிவின் இளையவர்தாம். சென்ற ஆண்டுத் தொகையோடு பத்து விழுக்காடு கூட்டிப் போடுவது பலரும் கையாளும் சுருக்குவழி.

உறவினர் மகனிடம் இதைக் கூறியபோது, அவன் தந்தை குறுக்கிட்டு, சென்ற ஐந்தாண்டுகளில் எந்தெந்த மாதம் எத்தனை நாள் வெட்டு நடந்தது என்று தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒன்றரை ஏக்கர்த் தோட்டம் அவருடையது. மழை பெய்த நாள்கள் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருந்தன. மகன் அதை வாங்கி, மாதவாரியாக விழுக்காடு போட்டுப் பார்க்கத் தொடங்கினான். அவன் பயிற்சி பெறும் அலுவலகத்தில் ரப்பர்க் கம்பெனி ஒன்றின் டிசம்பர்த் தவணை மதிப்பீடு அப்போது அவனிடம்தான் இருந்தது.